ஆல்வின் யார்க்: பரிசாக வந்த நிலமும் கூடவே வந்த கடனும்

கேள்வி இது: "முதல் உலகப் போரில் 132 ஜெர்மானியரைத் தனி ஆளாகப் பிடித்த ஆல்வின் யார்க், போர் முடிந்ததும் அரசாங்கம் கொடுத்த நிலத்தில் நிம்மதியாக விவசாயம் பார்த்தார் என்று படித்தேன். அவருடைய பூர்வீகம், குடும்பம், பிற்கால வாழ்க்கை பற்றி யாராவது விரிவாகச் சொல்ல முடியுமா?"

சொல்லலாம். ஆனால் கேள்வியிலேயே மூன்று இடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. அவர் அங்கே தனி ஆளாகப் போகவில்லை. நிலத்தைக் கொடுத்தது அரசாங்கம் இல்லை. நிம்மதி என்பது சுத்தமாகக் கிடையாது.

யார்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1918 அக்டோபர் 8ஆம் தேதி காலையையே சுற்றிச் சுற்றி வருவார்கள். அதற்கப்புறம் மனிதர் கிட்டத்தட்ட 46 வருடம் உயிரோடு இருந்தார். அந்தக் காலம் முழுக்க அவரைப் பாடாய்ப் படுத்தியவை நிலம், அடமானம், வரி. என்னைக் கேட்டால் யார்க் குடும்பத்தின் கதையே, நிலம் கையைவிட்டுப் போய், திரும்பி வந்து, கழுத்தைப் பிடித்த கதைதான். அதனால் போரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அவர் அம்மாவின் கொள்ளுத் தாத்தாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

டென்னசி மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், கென்டக்கி எல்லையை ஒட்டி ஃபென்ட்ரஸ் என்று ஒரு மாவட்டம். கம்பர்லாண்ட் மலைப்பகுதி. அங்கே வுல்ஃப் ஆற்றின் மூன்று கிளைகள் சேரும் பள்ளத்தாக்கில் இருக்கிறது பால் மால் என்ற சிற்றூர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேட்டைக்கு வந்த கான்ராட் பைல் என்பவர், ஒரு நீரூற்றையும் அதன் மேலே இருந்த குகையையும் பார்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். ஊரார் வாயில் அவர் 'ஓல்டு கூன்ராட்'. பள்ளத்தாக்கின் நல்ல வண்டல் நிலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்கு வந்தது. அடிமைகளையும் வைத்திருந்தார். எதற்கும் அஞ்சாத ஆள், ஆனால் இடி இடித்தால் மட்டும் பழைய குகைக்குள் ஓடி ஒளிந்துகொள்வார் என்று குடும்பத்தில் ஒரு கதை உண்டு. 1849இல் இறந்தபோது சுற்றுவட்டாரத்திலேயே பெரிய நிலக்காரர் அவர்.

அந்தக் காலத்தில் அந்த மலைப்பக்கம் நிலம் வாங்கிப் போட்டால் வாரிசுகள் ராஜாவாகலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. எழுத்தாளர் மார்க் ட்வைனின் அப்பா இதே ஃபென்ட்ரஸ் மாவட்டத்தின் தலைநகரான ஜேம்ஸ்டவுனில்தான் குடியிருந்தார். சுமார் 75,000 ஏக்கர் வாங்கிப் போட்டார். 1835இல் குடும்பம் மிசௌரிக்குக் கிளம்பிப் போன பிறகும், "டென்னசி நிலம்" ஒருநாள் கைகொடுக்கும் என்று பிள்ளைகள் பல வருடம் காத்திருந்தார்கள். ஒன்றும் தேறவில்லை. மலை மண்ணின் குணம் அப்படி. ஆற்றோர வண்டலுக்கு மட்டும்தான் மதிப்பு, மேலே போகப் போகக் கல்லும் மரமும்தான்.

கூன்ராட்டின் சொத்து பேரன் பேத்தி வரை வருவதற்குள் பங்கு பிரிந்து பிரிந்து கரைந்தது. மீதியைக் கரைத்தது 1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போர். தெற்கு மாநிலங்கள் பிரிந்து போனபோது டென்னசியும் போனது. ஆனால் இந்த மலைப்பகுதியில் நிறையப் பேர் வடக்குக்கு விசுவாசமாக இருந்தார்கள். அதனால் இங்கே நடந்தது படைக்கும் படைக்கும் நடந்த சண்டை இல்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் நடந்த சண்டை. தெற்குப் பக்கம் சாம்ப் ஃபெர்குசன், வடக்குப் பக்கம் 'டிங்கர்' டேவ் பீட்டி என்று இரண்டு கும்பல் தலைவர்கள் மாறி மாறி வேட்டையாடினார்கள். ஃபெர்குசனை 1865இல் நாஷ்வில்லில் தூக்கில் போட்டார்கள்.

யார்க்கின் இரண்டு தாத்தாக்களும் இந்தக் காலத்தில் போனவர்கள்தான். அப்பாவின் அப்பா யூரையா யார்க் அதற்கு முன்பே மெக்சிகோ போரில் சண்டை போட்டவர். உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் சேர்ந்து, நோயில் விழுந்து இறந்தார். அம்மாவின் அப்பா வில்லியம் புரூக்ஸ் கதை இன்னும் கொடுமை. அவர் மிச்சிகனிலிருந்து வடக்குப் படையோடு வந்த குதிரைவீரர். கூன்ராட்டின் பேத்தி நான்சி பைலைக் கல்யாணம் செய்துகொண்டு பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட்டார். போர் முடிந்தும் பகை முடியவில்லை. எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஹஃப் என்பவர் கொல்லப்பட, பழி புரூக்ஸ் மேல் விழுந்தது. அவர் மிச்சிகனுக்குத் தப்பி ஓடினார், கைக்குழந்தையோடு மனைவியும் அங்கே போய்ச் சேர்ந்தார். அங்கே அவரைப் பிடித்து ஜேம்ஸ்டவுன் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு இரவு கும்பல் ஒன்று சிறையிலிருந்து அவரை இழுத்து வந்து, குதிரையில் கட்டி இழுத்துக் கொன்றது. அந்தக் கைக்குழந்தைதான் மேரி, ஆல்வின் யார்க்கின் அம்மா.

அந்த அம்மாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். அப்பாவைப் பார்த்த ஞாபகம்கூட இருக்காது. ஊரைக் கட்டி ஆண்ட குடும்பத்தில் பிறந்து, கைக்கு வந்தது மிச்ச சொச்சம். அவர் கட்டிக்கொண்ட வில்லியம் யார்க்குக்கு நிலம் 75 ஏக்கர். கேட்க அதிகம்போலத் தெரியும். அதில் நிறைய உழ முடியாத சரிவு. இரண்டு அறை மரக்கட்டை வீடு, பதினொரு பிள்ளைகள். 1887 டிசம்பர் 13இல் பிறந்த ஆல்வின் மூன்றாவது. விவசாயத்தில் வயிறு நிரம்பாததால் அப்பா கொல்லுப்பட்டறையும் நடத்தினார், லாடம் அடித்தார். பட்டறை இருந்த இடம் கூன்ராட் முதலில் வந்து தங்கிய அதே குகை. மண்ணெல்லாம் போய், குகை மட்டும் குடும்பத்திடம் மிஞ்சியிருந்தது.

பள்ளிக்கூடம் என்று பார்த்தால், எல்லாம் சேர்த்து ஒரு வருடம்கூடத் தேறாது. களை எடுக்க ஆள் வேண்டும், பட்டறையில் துருத்தி ஊத ஆள் வேண்டும். ஆனால் ஒரு படிப்பு நன்றாக ஏறியது. அப்பாவுக்கு வேட்டையிலும் குறிபார்த்துச் சுடும் போட்டியிலும் பைத்தியம். பள்ளத்தாக்கில் சனிக்கிழமைகளில் நடக்கும் போட்டியில் ஒரு வான்கோழியை மரக்கட்டைக்குப் பின்னால் கட்டிவிடுவார்கள். உடம்பு தெரியாது, தலை மட்டும் எப்போதாவது மேலே எட்டிப் பார்க்கும். அந்த ஒரு கணத்தில் சுட வேண்டும். தலையை அடித்தவனுக்குக் கோழி. மாட்டுக்குப் போட்டி என்றால் பரிசு ஐந்து பங்கு: இரண்டு பின்தொடை, இரண்டு முன்தொடை, ஐந்தாவதாகத் தோலும் கொழுப்பும். வாய்வழியாக மருந்து இடித்து நிரப்பும் பழைய துப்பாக்கிதான். ஒரு குண்டு வீணானால் மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும், அதனால் வீணாக்கக் கூடாது என்பது கையில் ஊறிய பழக்கம்.

1911இல் அப்பா இறந்தார். மூத்த அண்ணன்கள் இருவரும் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போயிருந்தார்கள். அதனால் வீட்டுப் பாரம் 23 வயது ஆல்வின் தலையில். பகலில் மரம் வெட்டுவது, சாலை வேலை, ரயில்பாதை வேலை என்று கூலிக்குப் போவார். வார இறுதியில் கென்டக்கி எல்லையில் இருந்த சாராயக் கடைகளில் குடி, சூதாட்டம், அடிதடி. ஊரில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. கூடக் குடித்த நண்பர் ஒருவர் கடைச் சண்டையில் செத்துப் போனார். அம்மா இரவெல்லாம் விழித்திருப்பார். பக்கத்துப் பண்ணைப் பெண் கிரேசி வில்லியம்ஸ் மேல் ஆசை, ஆனால் குடிகாரனுக்குப் பெண் கொடுக்க அந்த வீட்டில் தயாராக இல்லை. 1915 தொடக்கத்தில், ஊருக்கு வந்த ஒரு பிரசங்கியாரின் கூட்டங்களுக்குப் போய் மனம் மாறினார். குடி, புகை, சூது எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டார். உள்ளூர்ச் சபையில் பாட்டு சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு ஆள் மாறிப்போனார். சபைப் போதகர் ரோசியர் பைலும் கூன்ராட் வம்சம்தான். கடையும் தபால் நிலையமும் அவர் பொறுப்பில் இருந்தன. 1917இல் ராணுவத்துக்கு ஆள் பதிவு செய்யும் வேலையும் அவரிடமே வந்தது.

அந்தப் பதிவுப் படிவத்தில், விலக்கு கேட்கிறீர்களா என்ற இடத்தில், சண்டை போட விருப்பமில்லை என்று யார்க் எழுதினார். கொல்லாதே என்று வேதத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மனு தள்ளுபடி. மேல்முறையீடும் தள்ளுபடி. அந்தச் சபைக்குப் போர் கூடாது என்று எழுதிவைத்த கொள்கை எதுவும் இல்லை என்பது காரணம். ஜார்ஜியாவில் இருந்த பயிற்சி முகாமில் 82ஆம் டிவிஷனில் சேர்த்தார்கள். அங்கே மேஜர் பக்ஸ்டனும் கேப்டன் டான்ஃபோர்த்தும் அவரை உட்காரவைத்து வேதத்தை வைத்தே வாதாடினார்கள். பத்து நாள் விடுப்பும் கொடுத்தார்கள். ஊருக்கு வந்து மலையில் தனியாக இருந்து ஜெபம் செய்துவிட்டு, போகலாம் என்று முடிவெடுத்துத் திரும்பினார். அதிகாரத்தை வைத்து மிரட்டாமல் பேசிப் புரியவைத்த அந்த மேஜரை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஒரு மகனுக்கு ஜார்ஜ் எட்வர்டு பக்ஸ்டன் என்று பெயரே வைத்தார்.

சரி, அந்த அக்டோபர் காலைக்கு வருவோம். பிரான்சின் ஆர்கோன் காட்டில், ஷாட்டல்-ஷெஹெரி என்ற ஊர்ப்பக்கம். எதிரே ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகள் முன்னேற விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. சார்ஜென்ட் பெர்னார்டு எர்லி தலைமையில் 17 பேர் பின்பக்கமாகச் சுற்றிப் போனார்கள். போன இடத்தில் ஒரு ஜெர்மன் கூட்டத்தை எதிர்பாராமல் மடக்கிவிட்டார்கள். அதற்குள் மேட்டிலிருந்த இயந்திரத் துப்பாக்கி அவர்கள் பக்கம் திரும்பியது. ஆறு பேர் செத்தார்கள், எர்லி உட்பட மூவருக்குக் காயம். மிஞ்சிய எட்டுப் பேரில் பொறுப்பு கார்ப்பரல் யார்க்கிடம் வந்தது. மற்ற ஏழு பேர் கைதிகளைக் காவல் காக்க, யார்க் மேட்டை நோக்கிச் சுட ஆரம்பித்தார். எதிரே இருந்தவர்கள் குறிபார்க்கத் தலையைத் தூக்க வேண்டியிருந்தது. மரக்கட்டைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்க்கும் தலையைச் சுடுவது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

ஒரு கட்டத்தில் ஆறு ஜெர்மானியர் துப்பாக்கி முனையில் செருகிய கத்தியோடு (பயனெட்) அவரை நோக்கி ஓடி வந்தார்கள். யார்க் கைத்துப்பாக்கியை எடுத்து, கடைசியில் வருபவனை முதலில் சுட்டார், பிறகு அவனுக்கு முன்னால் வருபவனை, இப்படியே பின்னாலிருந்து முன்னால். காட்டு வான்கோழிக் கூட்டத்தை ஊரில் இப்படித்தான் சுடுவார்களாம். முன்னால் போவதைச் சுட்டால் மற்றதெல்லாம் கலைந்துவிடும். இதை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஃபோல்மர் என்ற ஜெர்மன் அதிகாரி சரணடைந்தார். வழியில் இன்னும் பலரைச் சேர்த்துக்கொண்டு, எண்ணிப் பார்த்தபோது 132 கைதிகள். சுட்டு வீழ்த்தியது இருபதுக்கு மேல்.

எட்டுப் பேர் சேர்ந்து கொண்டுவந்த கைதிகள், ஆனால் பெயர் ஒருவருக்கு. இதில் மற்றவர்களுக்கு வருத்தம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. எர்லிக்கு உயர்ந்த விருது ஒன்று வந்து சேர 1929 ஆனது. யார்க் ஒருபோதும் தனியாகச் செய்தேன் என்று பெருமையடித்தவர் இல்லை. அதைச் செய்தது பத்திரிகைகள். 1919 ஏப்ரலில் ஒரு பெரிய வார இதழில் கட்டுரை வந்தது, ஒரே மாதத்தில் நாடே அவரைத் தெரிந்துகொண்டது. மே மாதம் நியூயார்க்கில் இறங்கியபோது வரவேற்பு ஊர்வலம், விருந்து. ஊர் சுற்றிக் காட்டுகிறோம், என்ன பார்க்க ஆசை என்று கேட்டதற்கு, பாதாள ரயிலில் போக வேண்டும் என்றாராம். விளம்பரக்காரர்களும் மேடைக்காரர்களும் பணப்பையோடு வந்தார்கள். ராணுவ உடுப்பு விற்பனைக்கு இல்லை என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். ஜூன் 7ஆம் தேதி கிரேசியோடு கல்யாணம். நடத்திவைத்தது டென்னசி ஆளுநர் ஆல்பர்ட் ராபர்ட்ஸ். பெண் கொடுக்க மறுத்த வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்.

இனிமேல்தான் நீங்கள் கேட்ட விவசாயக் கதை. நாஷ்வில் ரோட்டரி சங்கத்தார், நம் வீரனுக்கு ஒரு பண்ணை வாங்கிக் கொடுப்போம் என்று வசூலில் இறங்கினார்கள். வுல்ஃப் ஆற்றங்கரையில் சுமார் 400 ஏக்கர், பள்ளத்தாக்கிலேயே நல்ல வண்டல். ஒரு காலத்தில் கூன்ராட் ஆண்ட மண். அவருடைய வாரிசு துப்பாக்கியால் அதைத் திரும்பப் பெற்றான் என்று எழுத எவ்வளவு வசதியான கதை! 1941இல் வந்த 'சார்ஜென்ட் யார்க்' படம் முடிவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். புதுப் பண்ணையையும் வீட்டையும் பார்த்து ஜோடி நெகிழ்ந்து நிற்கும், படம் முடிந்துவிடும்.

நிஜத்தில் நடந்தது வேறு. நிலத்தை முழுப் பணம் கொடுத்து வாங்கவில்லை, தவணையில் வாங்கினார்கள். வாக்குக் கொடுத்தவர்களிடமிருந்து பணம் வர வர மீதியைக் கட்டுவது என்று ஏற்பாடு. தவிர, கொடுத்தது வெறும் நிலம். கலப்பை, கோவேறு கழுதை, மாடு, பன்றி, விதை எதுவும் இல்லை. இவற்றையெல்லாம் வாங்க யார்க் தன் பெயரில் கடன் எடுத்தார். 75 ஏக்கர் கல்லுச் சரிவில் வளர்ந்தவருக்கு 400 ஏக்கர் வண்டலை ஓட்ட எவ்வளவு முதல் வேண்டும் என்று அனுபவம் கிடையாது. சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

காலமும் சதி செய்தது. போர்க்காலத்தில் ஐரோப்பாவுக்குத் தானியம் ஏற்றுமதியாகி, அமெரிக்க விவசாயிக்கு நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்தது. 1920 நடுவில் அது சரிய ஆரம்பித்து, ஒரே வருடத்தில் விளைபொருள் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. விலை உச்சியில் இருந்தபோது கடன் வாங்கியவர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள், யார்க்கும் அதில் ஒருவர். வசூலும் நின்றது. புகழ் சூடு ஆறிப்போனால் வாக்குக் கொடுத்தவர்கள் காணாமல் போவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே. சங்கத்தால் தவணை கட்ட முடியவில்லை, அதையும் யார்க் தலையிலேயே வைத்துவிட்டார்கள். ஆக, பரிசு வாங்கியவர் பரிசுக்கே தவணை கட்ட ஆரம்பித்தார்.

1921இல் வேறு வழியில்லாமல் விஷயம் பத்திரிகைக்குப் போனது. அவருடைய வரவு செலவை நாடே அலசியது. இவ்வளவு பெரிய பண்ணையை வைத்துக்கொண்டு என்ன கஷ்டம் என்று சிலர் குத்தலாகவும் எழுதினார்கள். எந்தக் கஷ்டத்தையும் பழகிக்கொள்வேன், கடன்பட்டிருக்கும் கஷ்டம் மட்டும் எனக்கு ஒத்துவராது என்ற பொருளில் யார்க் சொன்னது அப்போதுதான். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு இவரைப் பிடிக்கும். நாடு முழுக்க ரோட்டரி சங்கங்களுக்கு வேண்டுகோள் போய், நியூயார்க் பத்திரிகை ஒன்றும் எழுதி, அந்த வருடக் கிறிஸ்துமஸ் வாக்கில்தான் நிலத்துக் கடன் அடைந்தது. அந்த நிலத்தில் எழுந்த இரண்டு மாடி வெள்ளை வீடு இன்றும் இருக்கிறது.

பண்ணையில் மக்காச்சோளம், வைக்கோல் தீவனம், மாடு, பன்றி எல்லாம் உண்டு. விளையவும் விளைந்தது. ஆனால் கையில் நிற்கவில்லை. அதற்கு முழுப் பழியையும் விலைவாசி மேல் போட முடியாது. அவர் கணக்கு வழக்கில் கெட்டிக்காரர் இல்லை. இல்லை என்று கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. பந்தியில் எப்போதும் வெளியூர் ஆட்கள், அவர்களுக்குச் சமைத்துப் போட்டது கிரேசி. அப்புறம் பள்ளிக்கூடம்.

பிரான்சுக்குப் போய் வந்தவருக்கு ஒரு விஷயம் உறைத்திருந்தது: தன் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாலையும் இல்லை, பள்ளியும் இல்லை. மற்ற இடங்களில் சொற்பொழிவுக்குப் போய்ப் பணம் சேர்த்தார். ஜேம்ஸ்டவுனில் 1926இல் யார்க் பள்ளி உருவானது, விவசாயமும் தொழிற்கல்வியும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கும் உயர்நிலைப்பள்ளி. நடுவில் உள்ளூர் அரசியல்வாதிகளோடு எங்கே கட்டுவது, யார் கையில் நிர்வாகம் என்று ஓயாத இழுபறி. மலைக்குள் இருக்கும் பிள்ளைகள் வர பஸ் வேண்டும், அதற்கு அரசு காசு வரவில்லை. யார்க் தன் பண்ணையை அடமானம் வைத்து பஸ் ஓட்டினார். இத்தனை பாடுபட்டு மீட்ட நிலத்தை மறுபடியும் வங்கியில் வைத்தார் என்பதை நினைவில் வையுங்கள். 1936இல் அதே பள்ளியின் தலைமைப் பொறுப்பிலிருந்து அவரை விலக்கினார்கள். முறையான படிப்பு இல்லாத ஒருவர் பள்ளிக்குத் தலைவராக இருப்பது அதிகாரிகளுக்கு உறுத்தலாக இருந்தது. நிர்வாகம் அவருக்கு வராது என்பதும் உண்மை. ஆனால் அவர் அடமானம் வைக்காவிட்டால் நிர்வகிக்க அங்கே பள்ளி இருந்திருக்காது.

திரைப்படத்துக்குப் பல வருடம் மறுத்துக்கொண்டிருந்தவர் ஒப்புக்கொண்டதும் இதனால்தான். ஊரில் ஒரு வேதாகமப் பள்ளி கட்ட ஆசை, அதற்குப் பணம் வேண்டும். கேரி கூப்பர்தான் நடிக்க வேண்டும், கிரேசியாக வருகிறவர் சிகரெட் பிடிக்கிற நடிகையாக இருக்கக் கூடாது என்று நிபந்தனைகள் போட்டார். படம் அந்த வருடத்தின் பெரிய வெற்றி, கூப்பருக்கு ஆஸ்கார். யார்க்குக்கும் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரிய பணம் வந்தது. அவர் அதைப் பள்ளிக்கும், கேட்டவருக்கும் கொடுத்தார். கணக்கு வைக்கவில்லை.

படம் வந்தது இரண்டாம் உலகப் போர் அமெரிக்காவை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். 1930களில் போரால் எதுவும் தீராது என்று பேசிய யார்க், ஹிட்லரைப் பார்த்துக் கருத்தை மாற்றிக்கொண்டு, அமெரிக்கா இறங்க வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசினார். 1942இல், 54 வயதில், 1917இல் பதிந்த அதே கடையில் போய் மறுபடியும் பெயர் பதிந்தார். உடல் எடையையும் மூட்டுவலியையும் காரணம் காட்டி அவரைக் களத்துக்கு எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மாவட்டத்தின் ஆள்சேர்ப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்து, அடுத்த தலைமுறைப் பையன்களை அனுப்பிவைத்தார். அந்த வருடங்களில் வுல்ஃப் ஆற்றில் ஒரு பழைய மாவு மில்லையும் வாங்கி நடத்தினார். சுற்று ஊர்க்காரர்கள் மக்காச்சோள மூட்டையோடு வருவார்கள். அரைப்பதைவிடப் பேச்சுதான் அதிகம் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1948இல் முதல் பக்கவாதம். 1954இலிருந்து படுத்த படுக்கை. இதற்கிடையே 1951இல் வருமான வரித்துறை வந்து நின்றது: படத்தில் வந்த வருமானத்துக்குச் சரியாக வரி கட்டவில்லை என்று. ரசீது இல்லை, கணக்கு இல்லை, கொடுத்ததற்கும் சாட்சியம் இல்லை. வட்டியோடு சேர்ந்து ஏறி ஏறி 1,72,000 டாலரானது. படுக்கையில் கிடக்கும் மனிதரிடம், அதுவும் நாட்டின் உச்ச வீரப் பதக்கம் வாங்கியவரிடம். சட்டப்படி அவர்கள் கேட்டதில் தப்பில்லைதான். 1961இல் நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர் சாம் ரேபர்ன் தலையிட்டு, 25,000 டாலருக்கு முடித்துக்கொள்ள வரித்துறை சம்மதித்தது. அந்தத் தொகையையும் பொதுமக்களிடம் வசூலித்தே கட்டினார்கள். ரேபர்ன் அந்த வருடக் கடைசியிலேயே இறந்துவிட்டார். 1921இல் ஒரு வசூல், 1961இல் ஒரு வசூல், நடுவில் நாற்பது வருடம். கடன்பட்டிருக்கும் கஷ்டம் ஒத்துவராது என்று சொன்னவருக்கு இப்படி அமைந்தது.

1964 செப்டம்பர் 2இல் நாஷ்வில்லில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் இறந்தார். பால் மாலிலேயே வுல்ஃப் ஆற்றங்கரைக் கல்லறையில் அடக்கம்.

குடும்பத்தைக் கேட்டிருந்தீர்கள். பிறந்தது பத்துப் பிள்ளைகள். முதலாவதும் கடைசியும் உட்படச் சிலர் சிசுவிலேயே போய்விட, மற்றவர்கள் வளர்ந்தார்கள். பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தால் அமெரிக்க வரலாற்றுப் பாடம்போல இருக்கும்: உட்ரோ வில்சன், ஆண்ட்ரூ ஜாக்சன், தாமஸ் ஜெஃபர்சன், பெட்ஸி ராஸ், சாம் ஹூஸ்டன். ஒரு வருடம்கூடப் பள்ளி போகாதவர் வைத்த பெயர்கள். பக்ஸ்டன் மேஜரின் பெயர் கொண்ட மகன் போதகரானார். கடைக்குட்டி மகன் தாமஸ் ஜெஃபர்சன் யார்க் உள்ளூர்க் காவலராக இருந்து, 1972இல் பணியில் இருக்கும்போதே கொல்லப்பட்டார். பள்ளத்தாக்கின் பழைய கணக்கில் இது எத்தனையாவது சாவோ. கிரேசி மகனையும் புதைத்துவிட்டு 1984 வரை இருந்தார்.

அடுத்த வருடம், 1985இல், அமெரிக்க ராணுவம் அவர் பெயர் வைத்து உருவாக்கிக்கொண்டிருந்த விமான எதிர்ப்புப் பீரங்கித் திட்டம் குறி தவறுகிறது, செலவு தாங்கவில்லை என்று கைவிடப்பட்டது. அவர் பெயருக்குக் கடன் ஒட்டிக்கொண்டதோடு குறி தவறும் துப்பாக்கியும் ஒட்டிக்கொண்டது.

பண்ணை வீடும் ஆற்றோரத்து மாவு மில்லும் இப்போது டென்னசி மாநிலப் பூங்கா. மகன்களில் ஆண்ட்ரூ ஜாக்சன் யார்க் அங்கேயே பூங்கா ஊழியராக வேலை பார்த்து, வருகிறவர்களுக்கு அப்பாவின் வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஜேம்ஸ்டவுன் பள்ளியை மாநில அரசு நேரடியாக நடத்துகிறது. அதற்குச் சொந்தமாக நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் இருக்கிறது, விவசாயம் இன்றும் பாடம். அந்தப் பக்கம் போனால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், நடுவில் கொஞ்ச தூர மலைச்சாலைதான்.